சாளரத்தை அடைத்த சித்திரங்களும் நம் வீட்டுப் பெட்டகமும்



கனமூலையில் வாழ்ந்தாலும், மதுரங்குளியில் வாழ்ந்தாலும், கற்பிட்டியில் வாழ்ந்தாலும் நாம் அனைவரும் ஒரே கரையின் மக்கள். இந்தக் கரையில் உப்புக் காற்று வீசுகிறது. களப்பின் அலை மெல்லத் தவழ்கிறது. இதே கரையில் ஒரு காலத்தில் பாரசீக மொழியும் ஒலித்தது என்று கூறினால் உங்களுள் எத்தனை பேர் நம்புவீர்கள்?

வரலாறு அதற்குச் சான்று பகர்கின்றது. கி.பி. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்தார். அவர் வந்திறங்கிய ஊரை ‘பத்தாலா’ என்று தமது பயணநூலிற் குறித்துள்ளார். அது நமது புத்தளமே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய ஊர் என்று அதனை அவர் வருணிக்கின்றார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று உபசரித்தார். அம்மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கும் என்றும், பிற நாடுகளைப் பற்றியும் அவற்றின் அரசர்களைப் பற்றியும் தாம் கூறிய செய்திகளை அவர் விரும்பிக் கேட்டார் என்றும் இப்னு பதூதா எழுதியுள்ளார்.

சிந்தித்துப் பாருங்கள். முத்தும் கறுவாவும் ஏற்றிய கப்பல்கள் சரக்கை மட்டும் சுமந்து செல்லவில்லை. அவை சொற்களைச் சுமந்தன, கதைகளையும் சுமந்தன. அக்கதைகள் நாடு விட்டு நாடு சென்று, மொழி விட்டு மொழி மாறி, ஈற்றில் பொன்னும் வண்ணமும் பூசிய ஏடுகளிற் குடிபுகுந்தன. அந்த ஏடுகளின் வரலாற்றையும், அவற்றுட் பல அழிந்த வரலாற்றையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடத்தையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

சரந்தீபின் மூன்று இளவரசர்கள்

முதலில் நமது நாட்டோடு தொடர்புடைய ஒரு கதையைப் பார்ப்போம். அறபு, பாரசீக மக்கள் நம் தீவைச் சரந்தீப் என்று அழைத்தனர். டில்லியில் வாழ்ந்த பெருங்கவிஞர் அமீர் குஸ்ரூ 1302ஆம் ஆண்டில் ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ என்னும் பாரசீகக் காவியத்தை இயற்றினார். ‘எட்டுச் சுவர்க்கங்கள்’ என்பது அப்பெயரின் பொருள். அதில் இடம்பெறும் கதைகளுள் ஒன்று சரந்தீப் மன்னரின் மூன்று புதல்வர்களைப் பற்றியதாகும்.

நாட்டை விட்டுப் புறப்பட்ட அம்மூவரும் வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவனைச் சந்திக்கின்றனர். “உன் ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடா?” என்று ஒருவர் கேட்டார். “அதற்கு ஒரு பல் இல்லையா?” என்று மற்றவர் கேட்டார். “அது ஒரு கால் நொண்டியா?” என்று மூன்றாமவர் வினவினார். அத்துடன் நில்லாமல், ஒரு பக்கம் எண்ணெயும் மறு பக்கம் தேனும் அதன் மீது ஏற்றப்பட்டிருந்தன என்றும், கருவுற்ற பெண்ணொருத்தி அதன் மேல் அமர்ந்திருந்தாள் என்றும் கூறினர். கேட்டவன் திகைத்தான். “இத்தனையும் அறிந்த நீங்களே என் ஒட்டகத்தைத் திருடியிருக்க வேண்டும்” என்று முறையிட்டு, அவர்களைச் சிறையில் இடச் செய்தான்.

பின்னர் ஒட்டகம் கிடைத்தது. மன்னர் அவர்களை அழைத்து விளக்கம் கேட்டார். பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது. ஆகவே மறு கண் குருடு. மென்ற புல் சிறு துண்டுகளாகச் சிந்திக் கிடந்தது. ஆகவே பல் ஒன்று இல்லை. ஒரு கால் இழுபட்ட சுவடு மண்ணில் இருந்தது, ஆகவே நொண்டி. ஒரு பக்கம் எறும்பும் மறு பக்கம் ஈயும் மொய்த்திருந்தமையால் எண்ணெயும் தேனும் தெரிந்தன. இறங்கிய பெண் எழும்போது தரையிற் கையூன்றிய அடையாளம் அவளது நிலையை உணர்த்திற்று.

இக்கதை 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. அதன் வழியே இங்கிலாந்தை அடைந்தது. 1754இல் ஹொரஸ் வால்போல் என்னும் எழுத்தாளர் சரந்தீப் என்ற பெயரிலிருந்து ‘செரண்டிபிட்டி’ என்றோர் ஆங்கிலச் சொல்லையே ஆக்கினார். தேடாமற் கிடைக்கும் நற்பேறு என்பது அதன் பொருள்.

இளைஞர்களே! கண்ணாற் கண்டதை அறிவால் ஆராய்ந்தவர்கள் அந்த மூவர். ஆராயாமற் பழி சுமத்தியவன் ஒட்டகக்காரன். இன்று கைத்தொலைபேசியில் வரும் செய்தியை வாசித்த மறுகணமே நூறு பேருக்கு அனுப்புகின்றோமே, நாம் இவ்விரு சாராருள் யாரைப் போன்றவர்கள் என்பதை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குஸ்ரூவின் காவியங்கள் அடங்கிய ஏடு ஒன்று 1597-98ஆம் ஆண்டுகளில் லாகூரில் அக்பர் சக்கரவர்த்திக்காகத் தயாரிக்கப்பட்டது. ‘ஸர்ரீன் கலம்’, அதாவது பொற்பேனா என்று சிறப்பிக்கப்பட்ட காஷ்மீரைச் சேர்ந்த முஹம்மத் ஹுஸைன் அதனை எழுதினார். அரண்மனை ஓவியர்கள் அதற்குச் சித்திரங்கள் தீட்டினர். அந்த ஏட்டின் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

நரிகள் இரண்டின் நெடும்பயணம்

நம் பிள்ளைகள் பாடசாலையிற் படிக்கும் பஞ்சதந்திரக் கதைகளை எடுத்துக்கொள்வோம். சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையிலான நட்புக் கோளால் கெட்ட கதையில் வரும் கரடகன், தமனகன் என்னும் நரிகளை யார்தான் அறியார்?

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட நவ்ஷிர்வான் மன்னரின் மருத்துவர் புர்ஸோய், இறந்தோரை எழுப்பும் மூலிகையைத் தேடி இந்தியா வந்தார் என்றும், அந்த மூலிகை அறிவு நிறைந்த நூலே என்று சான்றோர் அவருக்கு உணர்த்தினர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அவர் இந்நூலைத் தமது நாட்டின் பஹ்லவி மொழிக்குக் கொண்டு சென்றார். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த இப்னுல் முகஃப்பஃ என்னும் அறிஞர் அதனை அறபியில் ஆக்கினார். கரடகன் கலீலா ஆனான். தமனகன் திம்னா ஆனான். ‘கலீலா வதிம்னா’ என்ற அந்நூல் அறபு உரைநடையின் முதல் மணிகளுள் ஒன்றாக இன்றளவும் போற்றப்படுகின்றது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்திய மூலத்தில் கோள் சொன்ன நரி தண்டனையின்றித் தப்பிவிடுகின்றது. அறபு நூலிலோ, திம்னா நீதிமன்றில் நிறுத்தப்பட்டு, விசாரிக்கப்பட்டு, தண்டிக்கப்படும் அத்தியாயம் ஒன்று புதிதாகக் காணப்படுகின்றது. அதனைச் சேர்த்தவர் இப்னுல் முகஃப்பஃ அவர்களே என்பது அறிஞர் பலரின் கருத்து. அநியாயம் கேள்வியின்றி விடப்படலாகாது என்ற உணர்வே அதற்குக் காரணமாயிருக்கலாம். ஆனால் நீதியை எழுதிய அந்தக் கை நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஏறத்தாழ 756ஆம் ஆண்டில், நாற்பது வயதை எட்டும் முன்னரே, அரசியற் பகைமையால் அவர் கொல்லப்பட்டார். ஆள் மறைந்தார், நூல் மறையவில்லை.

அந்நூலின் முன்னுரையில் அவர் சித்திரத்தைப் பற்றியும் பேசுகின்றார். பிராணிகளின் உருவங்களைப் பல வண்ணங்களில் தீட்டினால் அரசர் உள்ளம் மகிழும் என்றும், அதனால் மக்கள் அந்நூலை விரும்பிப் படியெடுப்பர் என்றும், காலம் செல்லச் செல்ல அது அழியாமல் நிலைக்கும் என்றும் அவர் கருதினார். அவர் கருத்துப் பொய்க்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டப்பட்டதாகக் கருதப்படும் கலீலா வதிம்னா ஏடு ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. 1429இல் ஹெராத் நகரில் இளவரசர் பைசுன்குருக்காக எழுதப்பட்ட பாரசீக ஏடு இஸ்தன்பூலின் தொப்காபி அரண்மனையில் உள்ளது.

ஹெராத் நகரில் 15ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் காஷிஃபீ அவர்கள் இதே கதைகளை ‘அன்வாரே ஸுஹைலீ’ என்ற பெயரில் பாரசீகத்தில் விரித்தெழுதினார். அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸ்ல் 1588இல் அதனை எளிய நடையில் ‘இயாரே தானிஷ்’ என்று திருத்தி அமைத்தார். இந்தியாவிலிருந்து சென்ற கதை ஆயிரம் ஆண்டுகள் கழித்து, பாரசீக உடை அணிந்து, மீண்டும் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தது.

ஓர் ஏடு எவ்வாறு உருவாயிற்று?

இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடுகின்றது. அன்று ஒரு பக்கத்துக்காக எத்தனை கைகள் உழைத்தன தெரியுமா? ஒருவர் காகிதத்துக்குப் பசை பூசி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்றுவார். எழுத்தாளர் வரிகளை எழுதிச் சித்திரத்துக்கு இடம் விடுவார். தேர்ந்த ஓவியர் கோட்டுருவம் வரைவார். மற்றொருவர் வண்ணம் தீட்டுவார். முகத்தைத் தீட்டுவதற்கென்றே சிலவேளை இன்னொருவர் வருவார். பதக்‌ஷான் மலையின் நீலக்கல்லை அரைத்து நீலம் எடுத்தனர். பச்சைக் கல்லிலிருந்து பச்சையும், சாதிலிங்கத்திலிருந்து சிவப்பும் பெற்றனர். பொன்னைத் தகடாக்கி, பொடியாக்கி, பிசினிற் குழைத்தனர். அணிலின் மயிரால் ஆன தூரிகை கண்ணிமையைத் தீட்டியது.

அவ்வாறு உருவானவற்றுள் ஒன்று ‘தூத்திநாமா’ என்னும் கிளிக்கதை நூலாகும். மத்திய ஆசியாவின் நக்‌ஷபிலிருந்து வந்து இந்தியாவின் பதாயூனில் வாழ்ந்த ழியாவுத்தீன் நக்‌ஷபீ 1330இல் அதனைப் பாரசீகத்தில் எழுதினார். அதன் மூலம் எழுபது கதைகள் கொண்ட வடமொழிக் கிளிக்கதை நூல். கணவன் ஊரில் இல்லாத வேளை தவறான வழியில் செல்ல நினைத்த மனைவியை, வீட்டுக் கிளி இரவுக்கு ஒரு கதையாக 52 இரவுகள் கதை சொல்லித் தடுத்து நிறுத்துகின்றது. ஒரு சொல் ஒரு குடும்பத்தைக் காக்கலாம் என்பதே அதன் சாரம். அக்பர் காலத்தின் தொடக்கத்தில், ஏறத்தாழ 1560இல், 200க்கும் மேற்பட்ட சித்திரங்களுடன் உருவான தூத்திநாமா ஏடு இன்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அந்தச் சித்திரக்கூடத்தில் முஸ்லிம்களும் இந்துக்களும் ஒன்றாக அமர்ந்து பணியாற்றினர். ஈரானிலிருந்து வந்த மீர் ஸையித் அலீ, அப்துஸ் ஸமத் ஆகியோர் ஆசான்களாயிருந்தனர். பஸாவன், தஸ்வந்த் போன்றோர் அங்கே புகழ்பெற்றனர். இவர்களுள் தஸ்வந்த் பல்லக்குத் தூக்குபவரின் மகன். சுவர்களிற் படம் வரைந்து திரிந்த அந்தச் சிறுவனின் ஆற்றலைக் கண்ட அக்பர், அவனை அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார் என்று அபுல் ஃபஸ்ல் எழுதியுள்ளார். பெற்றோர்களே! சுவரிற் கிறுக்கும் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கும் முன், அக்கையில் இறைவன் வைத்த ஆற்றல் யாது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

உருவப்படம் பற்றிய வினா

இவ்விடத்தில் உங்கள் உள்ளத்தில் ஒரு வினா எழும். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது மார்க்கத்தில் ஆகுமா? இது நியாயமான வினா. உலமாக்களிற் பெரும்பாலோர் அதனைக் கண்டித்தே வந்துள்ளனர். அதனாலேயே பள்ளிவாசலிலும் குர்ஆன் பிரதிகளிலும் உருவங்கள் இடம்பெறவில்லை. எழுத்தணியும் கொடியணியுமே அங்கு கோலோச்சின. உருவச் சித்திரங்கள் அரசவையின் கதை நூல்களிலும் மருத்துவ, விஞ்ஞான நூல்களிலும் பெரிதும் வளர்ந்தன. பிற்கால உரிமையாளர் சிலர் அவற்றிலுள்ள முகங்களை அழித்தனர். வேறு சிலர் அவ்வுருவத்துக்கு உயிரில்லை என்று காட்டக் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடிட்டனர்.

இக்கட்டுரை மார்க்கத் தீர்ப்பு வழங்க எழுந்ததன்று. அதனை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். நடந்ததை நடந்தவாறு அறிவது வரலாற்றின் கடமை. நம் சமுதாயத்தில் இத்தகைய ஏடுகள் இருந்தன என்பதும், அவற்றைப் பற்றிய விவாதமும் நம் சமுதாயத்திலேயே நிகழ்ந்தது என்பதும் ஒருசேர உண்மையாகும்.

ஸ்ரீநகரின் சாளரங்கள்

இனி நெஞ்சை வருத்தும் செய்திக்கு வருவோம். அக்பரின் ஆணைப்படி 1562 முதல் 1577 வரை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உழைத்து ‘ஹம்ஸாநாமா’ என்னும் பெருநூல் தயாரிக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரழி) அவர்களின் பெயரால் பாரசீகத்தில் வழங்கிய வீரக் கதைகள் அவை. அவை வரலாறு அல்ல, கற்பனையே என்பதையும் மனங்கொள்ளுங்கள். துணியின் மீது தீட்டப்பட்ட 1400 சித்திரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு அடிக்கு மேல் உயரம். சித்திரத்தின் பின்புறத்தில் கதை எழுதப்பட்டிருந்தது.

அந்த 1400இல் இன்று எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவானவையே. 1881ஆம் ஆண்டில் லண்டன் அருங்காட்சியகத்துக்காகப் பொருள் சேகரிக்கக் காஷ்மீர் சென்ற ஆங்கிலேயர் ஒருவர், ஸ்ரீநகரில் அவற்றுட் சிலவற்றைக் கண்டெடுத்தார். எங்கே தெரியுமா? குளிர்காற்று உள்ளே வராதிருக்கச் சாளரங்களை அடைக்க அவற்றுட் சில பயன்படுத்தப்பட்டிருந்தன! சக்கரவர்த்தியின் கருவூலத்தில் இருந்தது சாளரத்துக்கு அடைப்பாயிற்று. அதனை அவ்வாறு பயன்படுத்தியவர் தீயவர் அல்லர். அவர் கையில் இருந்தது இன்னது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை; அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பெட்டகம்

இதை வாசிக்கும் நீங்கள், “நமக்கென்ன? நம் வீட்டில் பொன் பூசிய ஏடு ஏது?” என்று கேட்கலாம். பொன் பூசிய ஏடு இல்லாமலிருக்கலாம். ஆனால் உங்கள் உம்மம்மாவின் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். அறபு எழுத்திற் தமிழ் எழுதிய அறபுத்தமிழ்க் கிதாபு ஒன்று அங்கே கிடக்கலாம். தமிழுக்கே உரிய ஒலிகளை எழுதுவதற்காக அறபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளியிட்டு நம் முன்னோர் அமைத்துக்கொண்ட எழுத்து அது. மாலை, கிஸ்ஸா, முனாஜாத்து, மஸாலா, நாமா என்று எத்தனை வகை நூல்கள் நம் முஸ்லிம் தமிழில் தோன்றின! 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிர மசலா’ பாரசீக நூலொன்றைத் தழுவியதே. கிஸ்ஸா என்பது கதை. நாமா என்பது பாரசீகத்தில் நூல். தூத்திநாமாவின் ‘நாமா’வும் நம் உம்மம்மார் ஓதிய ‘நாமா’வும் ஒரே சொல்தான்.

இத்தகைய ஏடுகளை நாம் எவ்வாறு இழக்கின்றோம்? மூன்று வழிகளில் இழக்கின்றோம்.

ஒன்று, பேரிடரால். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்களுட் பெருந்தொகையினர் நம் புத்தள மாவட்டத்திற் தஞ்சம் புகுந்தனர். உடுத்த உடையோடு வந்தவர்கள் கிதாபுப் பெட்டியை எவ்வாறு தூக்கி வருவர்? வீட்டையும் நிலத்தையும் இழந்ததைப் பற்றிப் பேசினோம். இழந்த ஏடுகளைப் பற்றிப் போதியளவு பேசவில்லை.

இரண்டு, இயற்கையால். நம் கரையின் ஈரக்காற்றும் கறையானும் எவருடைய அனுமதியையும் கேட்பதில்லை.

மூன்று, நம் நல்லெண்ணத்தால். ஆம், நல்லெண்ணத்தால்தான்! திருவசனங்கள் அடங்கிய பழைய ஏடு காலில் மிதிபடலாகாது என்ற மரியாதையினால் அதனைப் புதைக்கின்றோம், நீரில் விடுகின்றோம். சிதைந்த அச்சுப் பிரதிக்கு அம்முறை பொருந்தலாம். ஆனால் உலகில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் கையெழுத்து ஏட்டை, அது இன்னது என்று அறியாமலே புதைத்துவிட்டால், புதைந்தது காகிதம் மட்டுமா?

நாம் செய்ய வேண்டியவை

இளைஞர்களே! உங்கள் கையிலுள்ள தொலைபேசிக்கு இதோ ஒரு நற்பணி. வீட்டுப் பெரியவர்களின் சம்மதத்துடன் பழைய ஏட்டை எடுங்கள். வெயில் நேரடியாகப் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் மேசை மீது வையுங்கள். மின்னொளி பாய்ச்சாமல் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது, யார் எழுதியதாகச் சொல்கின்றனர் என்பதை உம்மம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டு எழுதி வையுங்கள். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். பிளாஸ்ரிக் உறையில் வைத்துச் சூடேற்றி மூடாதீர்கள். இவ்விரண்டும் காகிதத்தைக் கெடுக்கும். தூய பருத்தித் துணியிற் சுற்றி, நிலத்தில் படாத உயரத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

இது ஆகாத காரியமன்று. பிரித்தானிய நூலகம் 2004இல் தொடங்கிய, அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின் கீழ், இலங்கை மலாய் முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளிலிருந்த கையெழுத்து ஏடுகள் படம் பிடிக்கப்பட்டன. ஏடு வீட்டிலேயே இருந்தது. அதன் படியோ உலகுக்குக் கிடைத்தது. நம் மலாய்ச் சகோதரர்கள் பெட்டகத்தைத் திறந்தனர். நாமும் திறக்கலாம் அல்லவா?

பெற்றோர்களே! ஏட்டைக் காப்பதோடு கதையையும் காருங்கள். திருக்குர்ஆனிலேயே எறும்பின் பெயராலும் தேனீயின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் சூறாக்கள் இருக்கின்றன. சின்னஞ்சிறு உயிரினங்களைக் கொண்டு பெரும் உண்மைகளை உணர்த்தும் வழி நமக்கு அந்நியமானதன்று. கலீலா வதிம்னாவில் ஒரு புறாக்கூட்டத்தின் கதை வருகின்றது. வலையில் சிக்கிய புறாக்கள் ஒவ்வொன்றும் தன் உயிருக்காகத் தனித்தனியே துடித்தபோது ஒன்றும் தப்பவில்லை. தலைவியின் சொற்கேட்டு எல்லாம் ஒருசேரச் சிறகடித்தபோது வலையே மேலெழுந்தது. நண்பனான எலி வலையை அறுக்க வந்தபோது, “முதலில் என் தோழிகளை விடுவி, கடைசியில் என்னை விடுவி” என்றது அந்தத் தலைப்புறா. இன்றிரவு இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். தொலைக்காட்சியை ஒரு கால்மணி நேரம் நிறுத்தி வைத்தால் போதும்.

அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் ஒரு மன்னர், தூரதேசத்துப் பயணியின் வாய்மொழியைச் செவிமடுத்தார். அப்பயணி பின்னாளில் தம் பயணத்தைச் சொல்ல, அதனை எழுதி வைக்க ஒருவர் இருந்தார். எனவேதான் அந்தச் சந்திப்பு இன்று நமக்குத் தெரிகின்றது. எழுதப்படாதவையும், எழுதப்பட்டும் காக்கப்படாதவையும் எத்தனை எத்தனையோ!

நம் வீட்டு ஏடு நாளை எவருடைய சாளரத்துக்கும் அடைப்பாகாமல் இருக்கட்டும். அதனைத் திறந்து வாசிக்கும் கைகள் நம் வீட்டிலேயே வளரட்டும். வல்ல இறைவன் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் பயனுள்ள அறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.